‘நாட்டாமை பண்ணாதே!’: ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில், அலுவலகத்தில், குடியிருப்போர் சங்கத்தில், வாட்ஸ்அப் குழுவில் என்று எங்கே நான்கு பேர் சேர்ந்தாலும் ஒருநாள் இந்தச் சொல் வந்து விழும்: “ரொம்ப நாட்டாமை பண்ணாதே.” கேட்டவுடன் பொருள் புரிந்துவிடும். ஆனால் இது எங்கிருந்து வந்தது, ஒரு காலத்தில் எதைக் குறித்தது, எப்படி இன்றைய நிலைக்கு வந்தது என்று கேட்டால் பலருக்கும் ‘ஆலமரம், சொம்பு’ என்ற காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அதற்கும் பின்னால் ஆயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது.

‘நாட்டாமை பண்ணுகிறான்’ என்றால் சரியாக என்ன பொருள்?

யாரும் கொடுக்காத பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தீர்ப்பு சொல்வது. உத்தரவு போடுவது மட்டும் நாட்டாமை ஆகாது. அந்த உத்தரவைப் போட அவருக்கு உரிமை இல்லை என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர்நாடி. அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் பந்தி வரிசையை மாற்றச் சொல்லி அதட்டுகிற உறவினரை இப்படிச் சொல்வோம். பணம் கொடுத்துக் கல்யாணம் நடத்துகிற பெண்ணின் அப்பா அதையே செய்தால், அவர் எவ்வளவு கத்தினாலும், பொதுவாக அப்படிச் சொல்ல மாட்டோம். ‘டென்ஷனில் இருக்கிறார்’ என்போம்.

ஆகவே “நாட்டாமை பண்ணாதே” என்பதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: உனக்கு யார் அந்தப் பதவியைக் கொடுத்தது?

‘அதிகாரம் பண்ணுகிறான்’ என்பதும் இதுவும் ஒன்றுதானே?

நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. மேலதிகாரி அதிகாரம் பண்ணலாம். அவருக்கு இருக்கிற அதிகாரத்தை அளவுக்கு மீறிக் காட்டுகிறார் என்று அப்போது பொருள். நம்மோடு அதே வேலை பார்க்கிற, அதே சம்பளம் வாங்குகிற ஒருவர் அதைச் செய்தால், நாட்டாமை என்பதுதான் வாயில் வரும். இன்னொரு வேறுபாடும் உண்டு. அதிகாரம் பண்ணுகிறவர் வேலை வாங்குவார். நாட்டாமை பண்ணுகிறவர் பெரும்பாலும் சரி தவறு சொல்வார், நியாயம் பேசுவார், ஒருவரை உள்ளே சேர்ப்பார், இன்னொருவரை ஒதுக்கி வைப்பார். பழைய பதவியின் சாயல் இது.

சொல் எப்படிப் பிறந்தது?

நாடு + ஆண்மை = நாட்டாண்மை. அது பேச்சில் தேய்ந்து நாட்டாமை ஆயிற்று. நாட்டை ஆளும் தன்மை, நாட்டுத் தலைமை என்பது நேர்ப்பொருள். அந்தப் பொறுப்பில் இருப்பவர் நாட்டாண்மைக்காரர். பிறகு ‘காரர்’ உதிர்ந்து, பதவியின் பெயரே ஆளின் பெயராகவும் நின்றுவிட்டது. “கலெக்டர் ஆபீஸ் வந்துட்டார்” என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் “நாட்டாமை வந்துட்டார்” என்று சொல்கிறோம்.

‘ஆண்மை’ இப்படி ‘ஆமை’ ஆகுமா என்று சந்தேகம் வந்தால், ‘வெள்ளாமை’யைப் பாருங்கள். வெள்ளாண்மை என்பதுதான் உழவர் பேச்சில் வெள்ளாமை ஆனது. “இந்த வருசம் வெள்ளாமை எப்படி?” என்று கேட்கும்போது நடந்திருப்பதும் இதே தேய்வுதான். ஆமை என்ற உயிரினத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ஆண்மை என்றால் ஆணின் தன்மை அல்லவா? அப்படியானால் நாட்டாமை ஆண்களுக்கு மட்டும் உரியதா?

இங்கே வேர் ‘ஆள்’ என்ற வினை. ஆள்தல், கையாளுதல், பொறுப்பில் வைத்திருத்தல். ஆள் + மை சேர்ந்தால் ஆண்மை. கேள் + மை கேண்மை ஆவது போல. இலக்கணப்படி இதில் ஆண், பெண் பேச்சு இல்லை.

திருக்குறளில் இந்தக் குடும்பமே வாழ்கிறது. ‘நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த இல்லாண்மை ஆக்கிக் கொளல்’ என்கிறது 1026ஆம் குறள். பிறந்த குடியை ஆளும் பொறுப்பைத் தன் முயற்சியால் தனதாக்கிக்கொள்வதே நல்ல ஆண்மை என்கிறது. படைச்செருக்கு அதிகாரத்தில் வரும் 773ஆம் குறள் இன்னும் நெருக்கமானது. பகைவரை அஞ்சாமல் எதிர்ப்பது பேராண்மை. அந்தப் பகைவனுக்கே ஒரு தாழ்வு வந்துவிட்டால் அவனுக்கு உதவுவது ‘ஊராண்மை’, அதுதான் அந்த வீரத்தின் கூர்முனை. பரிமேலழகர் ஊராண்மை என்பதற்கு உபகாரியாகும் தன்மை என்றுதான் உரை சொல்கிறார். வேளாண்மைக்கும் குறளில் உபகாரம் என்ற பொருள்தான் முன்னால் நிற்கிறது. ‘விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு’ என்ற வரி பலருக்கும் தெரிந்தது.

ஊராண்மையும் நாட்டாண்மையும் அமைப்பில் அக்கா தங்கைகள். ஒன்று உதவி செய்வதைக் குறித்தது. மற்றொன்று இன்று அடக்கி வைப்பதைக் குறிக்கிறது. இன்று நாம் புதிதாக உருவாக்கிக்கொண்ட மேலாண்மை, இறையாண்மை இரண்டும்கூட இதே அச்சில் வார்த்தவைதான். அவற்றில் யாருக்கும் வசவு கேட்பதில்லை. நாட்டாமைக்கு மட்டும் ஏன் இந்த நிலை என்பதற்கு அதன் பின்கதையைப் பார்க்க வேண்டும்.

இதில் வரும் ‘நாடு’ எது? தேசமா?

இல்லை. பல்லவர், சோழர் காலத்தில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த ஒரு சிறு வட்டாரம். நடந்தே ஒரு நாளில் கடந்துவிடக்கூடிய நாடுகளும் உண்டு. சில வட்டாரங்களுக்குக் கூற்றம், கோட்டம் என்ற பெயர்களும் இருந்தன. முதலாம் இராசராசன் (ஆட்சி 985–1014) பல நாடுகளைச் சேர்த்து வளநாடு என்ற பெரிய பிரிவை உண்டாக்கினான். ஊர் என்பது ஒரு கிராமத்தின் அவை, சபை என்பது பிரமதேய ஊர்களின் (பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர்கள்) அவை, நகரம் என்பது வணிகர் அவை. இவற்றோடு, வட்டாரம் முழுவதற்குமான அவைதான் நாடு. அதன் உறுப்பினர்கள் நாட்டார்.

அவர்களுடைய வேலை எப்படி நடந்தது என்பதைச் செப்பேடுகள் கண்முன் கொண்டுவருகின்றன. ஓர் ஊரைக் கோயிலுக்கோ பௌத்த மடமாகிய விகாரத்துக்கோ கொடுக்க அரசன் முடிவு செய்தால், ஆணை ஓலையாகிய திருமுகம் நாட்டாருக்கு வரும். நாட்டார் எதிர்கொண்டு போய் வணங்கி வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். பிறகு பெண் யானையை நடத்திக்கொண்டு எல்லையைச் சுற்றி வருவார்கள். கல்லும் கள்ளியும் நட்டு எல்லையைக் குறிப்பார்கள். கடைசியில் அதை எழுத்தில் வைப்பார்கள், அது அறையோலை. ‘பிடி சூழ்ந்து பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி’ என்ற தொடர் செப்பேடுகளில் வருகிறது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியும் நமக்கு இத்தகைய செப்பேட்டின் வழியாகத்தான் கிடைத்தது.

இந்த ஆவணங்களில் என்னை நிறுத்திவைப்பது ஒரே ஒரு விகுதி. அவர்கள் எழுதுவது ‘நாட்டோம்’ என்று. ‘நாட்டோமாகிய நாங்கள் செய்தோம்’ என்ற பன்மை. நாட்டாண்மை பிறக்கும் இடத்தில் தனி ஆள் இல்லை. பலர் கூடி, எல்லையை நேரில் நடந்து பார்த்து, எழுதிக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்ற ஒரு வேலை அது.

அப்படியானால் அது ஜனநாயகம் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. நாட்டார் என்றால் அந்த வட்டாரத்தின் நிலம் உடையவர்கள். வயலில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அவையில் இடமில்லை. ஊருக்கு வெளியே குடியிருக்க வைக்கப்பட்டவர்கள் அந்தக் கல்வெட்டுகளில் எல்லைக்குறியாகத்தான் வருகிறார்கள், கையெழுத்திட்டவர்களாக அல்ல. கூட்டுப் பொறுப்பு இருந்தது உண்மை. யாருடைய கூட்டு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சொல்லின் பிற்கால வாழ்க்கை புரியும்.

‘நாட்டோம்’ எப்படி ‘நாட்டாமை’ என்ற ஒற்றை மனிதர் ஆனது?

ஒரே நாளில் நடந்ததல்ல. சோழருக்குப் பின் ஆட்சிகள் மாறின. நாயக்கர்களும் பாளையக்காரர்களும் வந்தார்கள். வட்டார அவையின் கையில் இருந்த வரி, நில அளவை போன்ற அரசு வேலைகள் மெல்ல வேறு கைகளுக்குப் போயின. மிஞ்சியது உள்வழக்கு: யார் யாருக்குப் பெண் கொடுப்பது, கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, தண்ணீர்ப் பங்கீட்டில் சண்டை வந்தால் என்ன செய்வது, தவறு செய்தவருக்கு எவ்வளவு தண்டம் என்பவை. அந்த வேலையைச் சாதிக்கட்டு, அதாவது சாதியின் உள் அமைப்பு, எடுத்துக்கொண்டது. கள்ளர் நாடுகள், கொங்கின் இருபத்து நான்கு நாடுகள் என்று நாடு என்ற பெயர் சமூக அமைப்பாக நீடித்தது. தலைவரின் பெயர் இடத்துக்கு இடம் மாறியது. ஓரிடத்தில் அம்பலக்காரர், இன்னோரிடத்தில் பட்டக்காரர், வேறிடத்தில் நாட்டாமை.

பதவி அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகத் தொடங்கியதும் ‘யார் கொடுத்த பொறுப்பு’ என்ற கேள்விக்குப் பிறப்பைத் தவிர வேறு பதில் இல்லாமல் போயிற்று. தண்டம் கட்டியவர்களும், ஊர் விலக்கம் செய்யப்பட்டுத் தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஆளில்லாமல் நின்றவர்களும் அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்லியிருப்பார்கள்? வசவுப் பொருள் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மேடையில் இருந்தவர்கள் அந்தச் சொல்லைக் கெடுக்கவில்லை. கீழே கைகட்டி நின்றவர்கள்தான் அதற்குச் சரியான பொருளைக் கொடுத்தார்கள்.

1994இல் அதே பெயரில் வந்த திரைப்படம் நாட்டாமை முறையே இல்லாத ஊர்களுக்கும் நகரங்களுக்கும் இந்தச் சொல்லைக் கொண்டுபோனது. சென்னையில் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இதைச் சொல்வதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இன்று ஒரு நாட்டாமைக்குச் சட்டத்தில் ஏதாவது இடம் இருக்கிறதா?

இல்லை. ஊராட்சித் தலைவர் என்பவர் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி தேர்ந்தெடுக்கப்படுகிறவர். அவருக்கே யாரையும் விசாரித்துத் தண்டம் போடவோ ஊரை விட்டு விலக்கவோ உரிமை இல்லை. பரம்பரை நாட்டாமைக்கு எப்படி இருக்கும்? 2011 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை, அவற்றை ஒழித்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் சட்டம் ஒன்று சொல்ல, ஊர் இன்னொன்று செய்த காலம் ரொம்பத் தள்ளி இல்லை. 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி ஒழுங்காக நிரம்பப் பத்தாண்டு ஆயிற்று. 2006இல்தான் தேர்தல் முழுமையாக நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். மதுரை மாவட்டம் மேலவளவில், இதே போல ஒதுக்கப்பட்ட ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, தன்னோடு இருந்தவர்களுடன் சேர்த்து வெட்டிக் கொல்லப்பட்டார். மக்கள் ஓட்டுப்போட்டுக் கொடுத்த பதவியில் உட்கார அவருக்கு உரிமை இல்லை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். யாரும் கொடுக்காத பதவி தங்களுக்கு உண்டு என்று நினைத்தவர்களும் அவர்களேதான். நாட்டாமை என்ற சொல்லைச் சிரித்துக்கொண்டே சொல்லும் வசதி எல்லோருக்கும் இருந்ததில்லை.

அதட்டி நடத்துவதைக் குறிக்கத் தமிழில் வேறு என்ன சொற்கள் உள்ளன?

நிறைய. கூர்ந்து பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் உண்மையான உத்தியோகங்கள்.

“என்ன, தாசில் பண்றியா?” என்பார்கள். அரபியில் தஹ்ஸீல் என்றால் வசூல். வசூலுக்கு வந்த தாசில்தாரின் தோரணை வினையாகிவிட்டது. “மணியம் பண்ணாதே” என்பது கிராம மணியக்காரரிடமிருந்து வந்தது. அந்தப் பதவியும் கிராமக் கணக்கராகிய கர்ணம் பதவியும் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த அவசரச் சட்டத்தோடு முடிந்தன. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். மணியக்காரர் போய்விட்டார், மணியம் பண்ணுவது போகவில்லை. தர்பார் என்பது பாரசீகச் சொல், அரசவை. ஜமீன் என்பதும் பாரசீகம்தான், நிலம் என்று பொருள். ஜமீன்தாரி முறை சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் நிலைபெற்று, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. “பெரிய ஜமீன் மாதிரி பேசுறான்” என்பது மட்டும் தங்கிவிட்டது. துரைத்தனம் என்ற சொல் 19ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் அரசாங்கம் என்ற சாதாரணப் பொருளில் வரும். இன்று ‘துரை மாதிரி நடக்கிறான்’ என்றால் அது பாராட்டு இல்லை.

கங்காணித்தனம் என்பது?

இதை எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் இந்தச் சொல்லுக்குள் பல குடும்பங்களின் வலி இருக்கிறது. கண்காணி என்பது பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் நிர்வாகத்தை மேற்பார்வை செய்தவர்களைக் குறிக்கிறது. கண்காணிப்பு என்று இன்றும் அதே வேரைத்தான் பயன்படுத்துகிறோம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப்போனவர் கங்காணி. தன் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் முன்பணம் கொடுத்து ஆட்களைச் சேர்ப்பார், கூட்டிப்போவார், தோட்டத்தில் அவர்களை மேய்ப்பவரும் அவரே. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் காசு உண்டு. தொழிலாளியின் கடன் கங்காணியின் கணக்கில் இருக்கும், அந்தக் கடனை அடைக்காமல் தோட்டம் மாற முடியாது. இலங்கையில் இதற்குத் துண்டு முறை என்று பெயர். 1921இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள்.

கங்காணியும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அதே மொழிக்காரர், சில நேரம் சொந்தக்காரர். துரையின் சார்பில் தன் ஆட்களையே அதட்டினார். ஆகவே கங்காணித்தனம் என்பது நாட்டாமையைவிடக் கசப்பானது. மேலே இருப்பவருக்காக நம்மில் ஒருவரே நம்மை விரட்டுவதற்கு அது பெயர். அலுவலகத்தில் முதலாளிக்காகச் சக ஊழியர்களின் கழிப்பறை நேரத்தைக்கூடக் குறித்து வைக்கிறவருக்கு நாட்டாமை பொருந்தாது, இதுதான் பொருந்தும்.

சட்டாம்பிள்ளை யார்?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தபடியாக நின்ற மூத்த மாணவன். பாடம் ஒப்பிக்கக் கேட்பான், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான், வாத்தியார் இல்லாதபோது வகுப்பை அடக்கி வைப்பான், மட்டம் போட்டவனை இழுத்து வருவான். மாணவனே மாணவனுக்குக் கற்றுத்தருவது என்ற முறை சென்னையிலிருந்து உலகத்துக்கும் போனது. 1789இல் எழும்பூரில் ராணுவ ஆண் பிள்ளைகளின் அனாதைக் காப்பகத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் காப்பகத்தில் மூத்த பிள்ளைகளைக் கொண்டே சிறியவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் விழுந்தது.

சட்டாம்பிள்ளைத்தனம் என்றால், இரவல் வாங்கிய பிரம்பைச் சுழற்றுவது. நாட்டாமைக்கு அதிகாரமே இல்லை. சட்டாம்பிள்ளைக்குக் கொஞ்சம் உண்டு, அதுவும் வாத்தியார் திரும்பி வரும்வரைதான். பெரிய நாடு சின்ன நாடுகளை அதட்டும்போது பத்திரிகைகள் ‘உலகச் சட்டாம்பிள்ளை’ என்று எழுதுவது அழகான பிரயோகம்.

இந்தச் சொல்லுக்கு மலையாளத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே சட்டம்பி. ஒரு காலத்தில் அதே பொருள், வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாணவன். கேரளத்தின் பெரிய சீர்திருத்தவாதி சட்டம்பி சுவாமிகளுக்கு (1853–1924) அந்தப் பெயர் வந்ததே பள்ளியில் அந்தப் பொறுப்பில் இருந்ததால்தான். இன்று மலையாளத்தில் சட்டம்பி என்றால் ரவுடி. ஒரே சொல் ஒருவருக்கு மரியாதைப் பெயராகவும் மற்றவர்களுக்கு வசவாகவும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறது.

தாதாகிரி?

இந்தியிலிருந்து பம்பாய் வழியாக வந்தது. மராத்தியிலும் வங்காளத்திலும் தாதா என்றால் அண்ணன். ‘கிரி’ பாரசீக விகுதி, நம் ‘தனம்’ செய்கிற வேலையைச் செய்கிறது. நாட்டாமையில் வாய் மட்டும் இருக்கலாம், தாதாகிரியில் கையும் உண்டு.

அட்டகாசம், சண்டித்தனம், ஆதிக்கம், எதேச்சாதிகாரம் எல்லாம் இதே வகையா?

அட்டகாசம் வடமொழியில் பெருஞ்சிரிப்பு. அங்கிருந்து அட்டூழியம் என்ற பொருளுக்கு வந்து, இப்போது “அட்டகாசமா இருக்கு” என்று பாராட்டாகவும் ஆகிவிட்டது. சண்டித்தனம் அடக்குவதைக் குறிப்பதில்லை, அடங்க மறுப்பதைக் குறிக்கிறது. சண்டி மாடு நுகத்தில் பூட்டினால் படுத்துக்கொள்ளுமே தவிர மற்ற மாட்டை அதட்டாது. இரண்டையும் பலர் குழப்புகிறார்கள்.

ஆதிக்கம் ‘அதிகம்’ என்பதோடு உறவுள்ள சொல், மிகுந்து நிற்பது. சாதி ஆதிக்கம், ஆணாதிக்கம் என்று அமைப்பைப் பேசும்போது இதுதான் சரி. எதேச்சாதிகாரம் என்பது தன் இச்சைப்படி அதிகாரம் செலுத்துவது, அரசுகளுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் பொருந்தும். வீட்டுச் சண்டையில் இதைப் பயன்படுத்தினால் மேடைப் பேச்சு போல இருக்கும்.

பெண்களை ‘நாட்டாமை’ என்று சொல்வது உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. அதைவிட அதிகமாக அவர்களுக்கென்று வேறு சொற்களை வைத்திருக்கிறோம்: ராங்கி, வாயாடி, அடங்காப்பிடாரி. இதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதட்டுகிற ஆணுக்கு நாம் தருகிற பெயர்கள் எல்லாம் பதவிகள். நாட்டாமை, துரை, ஜமீன், தாசில். வசவாகச் சொன்னாலும் ஒரு நாற்காலி அதில் இருக்கிறது. பெண்ணுக்குத் தருகிற பெயர்களில் நாற்காலியே இல்லை. அடங்காதவள் என்பதுதான் குற்றம். அடங்கியிருக்க வேண்டியவள் என்பது முன்முடிவு. பிடாரி ஊர்க்காவல் தெய்வம். வேப்பமரத்தடியில் கும்பிடுகிற அதே பெயரைத்தான் வீட்டில் பேசுகிற பெண்ணின் மேல் எறிகிறோம்.

இதில் நடைமுறைச் சேதமும் உண்டு. பத்து வயதுப் பையன் விளையாட்டில் அணி பிரித்தால் “தலைவன் ஆவான்” என்கிறோம். அதே வயதுப் பெண் செய்தால் “இப்பவே என்ன ராங்கி பார்” என்கிறோம். பையன் செய்தது நாட்டாமை என்றால் பெண் செய்ததும் நாட்டாமைதான். பெண் செய்தது தவறு இல்லை என்றால் பையன் செய்ததும் தவறு இல்லை. ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கோப்பைக் கேட்டால், அதற்கு நாட்டாமை என்று பெயர் வைக்கவே முடியாது. அந்தப் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவருக்குப் பதிலாகக் கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் செய்கிற கணவர்தான் இந்தச் சொல்லுக்கு உரியவர்.

எப்போதும் திட்டாகத்தான் வருமா?

இல்லை. “வாங்க நாட்டாமை, உங்க தீர்ப்பு என்ன?” என்று நண்பர்கள் கேலியாகவும் பாசமாகவும் கூப்பிடுவதுண்டு. அண்ணன் தம்பிகளுக்குள் மூத்தவரை அப்படிச் சொல்வதும் உண்டு. ‘நாட்டாமை’ என்று ஆளை அழைத்தால் சிரிப்பு இருக்கலாம். ‘நாட்டாமை பண்ணுகிறார்’ என்று வினையாக்கினால் கோபம்தான்.

எழுதும்போது நாட்டாமையா, நாட்டாண்மையா?

இன்றைய பொருளில் நாட்டாமை. வரலாற்றுப் பதவியைப் பற்றிய கட்டுரையில் நாட்டாண்மை, நாட்டாண்மைக்காரர் என்று எழுதுவது நல்லது. பேச்சு வசனத்தில் நாட்டாண்மை என்று எழுதினால் ஒட்டாது.

இலங்கையில் நாட்டாமை என்றால் சுமை தூக்குபவர் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை தூக்கும், வண்டி இழுக்கும் தொழிலாளர்களை நாட்டாமை என்பார்கள். சிங்களத்திலும் நாட்டாமி என்ற வடிவில் அதே பொருளில் வழங்குகிறது. யாழ்ப்பாணத்துக்காரரும் மதுரைக்காரரும் பேசும்போது இந்தச் சொல்லில் குழப்பம் வந்தால் இதுதான் காரணம். புறக்கோட்டைத் தெருவில் அந்தப் பெயரோடு நிற்பவரிடம் முதுகில் ஒரு மூட்டைதான் இருக்கிறது, அதிகாரம் எதுவும் இல்லை.

ஒருவரிடம் ‘நாட்டாமை பண்ணாதீர்கள்’ என்று முகத்தில் அடிக்காமல் எப்படிச் சொல்வது?

சொல்லையே பயன்படுத்தாமல், அதன் உள்ளே இருக்கிற கேள்வியைப் பயன்படுத்துங்கள். வயதில் மூத்தவர் என்றால், “அண்ணே, இதை எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிக்கலாமே” போதும். சக ஊழியர் என்றால், “இந்த வேலையை யார் பார்க்கிறதுன்னு மேனேஜரையே ஒருவாட்டி கேட்டுக்கலாம்” என்று சொன்னால் பொறுப்பு யாருடையது என்ற பேச்சு தானாக வந்துவிடும். சங்கக் கூட்டம் என்றால், “இது தீர்மானமா நிறைவேறியிருக்கா? நோட்டில் இருந்தா காட்டுங்க” என்று கேளுங்கள். எழுத்தில் இல்லாத அதிகாரம் அந்த இடத்திலேயே தடுமாறும். அதற்கும் மசியாதவர் என்றால், அப்புறம் அந்தப் பழைய சொல்லையே நேராகச் சொல்லிவிடலாம்.